கனிமரமும் கல்விக்கூடமும்: டாக்டர் கே. சி. நாயக்கின் வாழ்க்கைப் பணி

“மரம் வைத்தவன் தண்ணீர் வார்ப்பான்” என்பது நம் நாட்டுப் பழமொழி. துன்பத்தில் உழல்வோர்க்கு அஃது ஆறுதல் தரும் மொழிதான். ஆனால் பழமரம் வைக்கும் உழவனுக்குத் தண்ணீர் மட்டும் போதாது. தான் வைத்த மரம் எந்த வகையைச் சேர்ந்தது, அதன் ஒட்டு எந்தத் தாய்மரத்தில் எடுக்கப்பட்டது, அது ஆண்டுதோறும் காய்க்குமா, ஓராண்டு விட்டு ஓராண்டு காய்க்குமா என்பனவற்றையும் அவன் அறிந்திருக்க வேண்டும். நெல்லில் தவறு நேர்ந்தால் ஒரு போகம் போகும். மாமரத்தில் தவறு நேர்ந்தால் ஒரு தலைமுறையே போகும்.

இந்த அறிவைத் தென்னாட்டுக்கு முறைப்படித் தொகுத்துத் தந்தவர்களுள் முன்வரிசையில் நிற்பவர் டாக்டர் கே. சி. நாயக். சென்னை மாகாணத்தின் பழ ஆராய்ச்சி நிலையத்தில் மாம்பூக்களை எண்ணிக்கொண்டிருந்த இவரே, பிற்காலத்தில் பெங்களூர் வேளாண்மை அறிவியல் பல்கலைக் கழகத்தின் முதல் துணைவேந்தராக அமர்ந்தார். ஆராய்ச்சியாளர் ஒருவர் நிருவாகியாக மாறியது ஏன், அம்மாற்றத்தால் விளைந்த பயன் என்ன என்பவற்றை என் தாவரவியல் படிப்பின் துணைகொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோடூர் எங்கே இருக்கிறது?

சென்னையிலிருந்து திருவள்ளூர், அரக்கோணம், திருத்தணி, ரேணிகுண்டா வழியாகக் கடப்பை நோக்கிச் செல்லும் இருப்புப் பாதையில் கோடூர் என்னும் ஊர் உள்ளது. இரயில்வே கோடூர் என்றால் நம் மாவட்டத்துப் பழ வியாபாரிகள் அனைவர்க்கும் தெரியும். அங்குதான் 1935-ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தின் பழ ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. அக்காலத்தில் கடப்பையும் சித்தூரும் நம் செங்கற்பட்டும் ஒரே மாகாணத்தின் மாவட்டங்கள். ஆகவே கோடூரில் நடந்த ஆராய்ச்சி நம் ஊர்த் தோப்புகளுக்காகவும் நடந்த ஆராய்ச்சியே ஆகும்.

நிலத்தின் இயல்பாலும் இது பொருந்தும். ஊத்துக்கோட்டை, பள்ளிப்பட்டு, மாதர்பாக்கம் பக்கங்களில் வளரும் மாமரங்கள் எல்லைக் கல்லைப் பார்த்து வளர்வதில்லை. நீலமும் பங்கனப்பள்ளியும் ருமானியும் எல்லைக்கு இரு பக்கமும் ஒன்றே. அவற்றைக் கூவி விற்கும் மொழிதான் வேறு.

கொட்டையா, ஒட்டா?

கோடூரில் நாயக்கும் அவருடைய துணைவர்களும் எடுத்துக்கொண்ட முதல் வினாக்களுள் ஒன்று மிக எளியது: மாமரத்தைப் பெருக்குவது எப்படி?

நல்ல பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டையைக் கொல்லையில் ஊன்றுவது நம் எல்லோர் வீட்டிலும் உள்ள வழக்கம். அக்கன்று வளர்ந்து காய்க்கும்போது தாய்மரத்தின் சுவை பெரும்பாலும் அதில் இருப்பதில்லை. காரணம் என்ன? நீலம், பங்கனப்பள்ளி, மல்கோவா முதலிய நம் வகைகளின் கொட்டையில் ஒரே ஒரு கருதான் உண்டு. அது தாய்ப்பூவும் வேறொரு மரத்தின் மகரந்தமும் கலந்து உண்டாவது. ஆதலால் பிள்ளை தாயைப் போலவே இருக்கும் என்று சொல்ல இயலாது. மேற்குக் கடற்கரையில் ஒலூர், சந்திரக்காரன், குறுக்கன் என்னும் வகைகள் இருக்கின்றன. அவற்றின் கொட்டை ஒன்றை நட்டால் பல முளைகள் கிளம்பும். அவற்றுள் பெரும்பாலானவை மகரந்தக் கலப்பின்றித் தாயின் திசுவிலிருந்தே தோன்றியவை. ஆகையால் அவை தாயின் மறுபதிப்பாக அமைகின்றன.

ஒரு கரு உள்ள வகைகளுக்கு ஒட்டுக் கட்டுவதே வழி. சட்டியில் வளர்த்த நாட்டு மாங்கன்றைத் தாய்மரத்துக் கிளையின் அருகே கொண்டு சென்று, இரண்டின் பட்டையையும் சிறிது சீவி, ஒன்றோடொன்று பொருத்திக் கட்டுவர். இரண்டு மூன்று மாதங்களில் இரண்டும் கூடிவிடும். பின்னர்க் கன்றின் தலையையும் கிளையின் அடியையும் அறுத்துவிட்டால் வேர் ஒன்றினுடையது, கனி மற்றொன்றினுடையது என்று ஆகிவிடும். இக்கலை நாயக்குக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே நம் தோட்டக்காரர்களுக்குத் தெரியும். தெரியாதவை வேறு சில: எந்த வயதுக் கன்று ஏற்றது, எந்தப் பருவத்தில் கட்டினால் பழுது குறையும், வேர்க்கன்றின் இயல்பு மேலுள்ள மரத்தின் உயரத்தையும் விளைச்சலையும் எவ்வளவு மாற்றும் என்பன. அவற்றைக் கணக்கிட்டுச் சோதித்து எழுதும் வேலையை 1940-களில் கோடூர் செய்தது. கைத்திறனாக இருந்தது விஞ்ஞானமாயிற்று.

பூவை எண்ணிய பொறுமை

அடுத்த வினா மாம்பூவைப் பற்றியது. தை, மாசி மாதங்களில் மரம் முழுதும் பூத்துக் குலுங்கும். சித்திரையில் பார்த்தால் கிளைக்கு நான்கு காய்கூட இராது. இதனை நம் முன்னோர் பனியின் மீதும் தத்துப்பூச்சியின் மீதும் போட்டனர். அதில் உண்மை உண்டு. எனினும் முழு உண்மை பூவுக்குள்ளேயே இருக்கிறது.

மாம்பூங்கொத்து ஒன்றில் பல நூறு பூக்கள் இருக்கும். சில வகைகளில் ஆயிரக்கணக்கிலும் இருக்கும். அவற்றுள் பெரும்பகுதி ஆண் பூக்கள். சூலகம் உள்ள இருபால் பூக்கள் சிறுபகுதியே. இவ்விகிதம் வகைக்கு வகை மாறும். இருபால் பூக்களிலும் எல்லாமே மகரந்தம் பெறுவதில்லை. பெற்றவையும் பிஞ்சிலேயே உதிர்கின்றன. மொத்தப் பூக்களைக் கணக்கிட்டால் நூற்றில் ஒன்றுகூட முதிர்ந்த கனியாவதில்லை. இதனை அறிய ஒருவர் ஏணி மீது நின்று கொத்துக் கொத்தாகப் பூவை எண்ண வேண்டும். அதையும் ஒரு மரத்தில் அன்று, பல வகைகளில். ஓர் ஆண்டில் அன்று, பல ஆண்டுகளில். நாயக்கும் மோகன் ராவும் மாம்பூவின் இயல்பையும் மகரந்தச் சேர்க்கையையும் பற்றி 1940-களின் தொடக்கத்தில் வெளியிட்ட ஆராய்ச்சி இத்தகைய பொறுமையின் விளைவு.

பூவின் இயல்பு தெரிந்த பின்னரே கலப்பினம் உண்டாக்க முடியும். ஒரு வகையின் பூவில் மகரந்தப் பையை நீக்கி, வேறு வகையின் மகரந்தத்தைத் தடவி, உறை கட்டிக் காக்க வேண்டும். நூறு பூக்களுக்குச் செய்தால் ஒரு காய் நிற்பது அரிது. அந்தக் காயின் கொட்டையை நட்டு, கன்றாக்கி, அது காய்க்கும் வரை காத்து, பிறகும் பல ஆண்டுகள் அதன் விளைச்சலைக் குறித்து வந்தால்தான் ‘இது தேறும்’ என்று சொல்ல இயலும். தேர்வாலும் கலப்பாலும் மாமரத்தைத் திருத்துவது குறித்து நாயக் 1948-இல் எழுதினார்.

கோடூர் நிலையத்தின் கலப்புப் பணியால் உண்டான வகைகள் சில: நீலமும் ஹிமாயுதீனும் கூடிய நீலுதீன், நீலமும் பனேஷானும் கூடிய நீலேஷான், சின்ன சுவர்ணரேகாவும் ஜகாங்கீரும் கூடிய சுவர்ணஜகாங்கீர். இவற்றில் நீலம் திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். நம் ஊரில் ‘கடைசிப் பழம்’ என்று சற்று அலட்சியமாகச் சொல்லப்படும் நீலத்துக்கு ஓர் அரிய குணம் உண்டு: அது ஆண்டுதோறும் தவறாமல் காய்க்கும். பின்னாளில் புதுதில்லி ஆராய்ச்சி நிலையத்தார் வடநாட்டுத் தசேரியோடு நீலத்தைக் கலந்து மல்லிகா, ஆம்ரபாலி என்னும் புகழ்பெற்ற வகைகளை 1970-களில் தந்தனர். சிறப்பில்லை என்று நாம் எண்ணும் மரத்தின் குணம் நாடெங்கும் பயன்பட்ட கதை இது.

பெயர் என்ன, ஊர் என்ன?

நாயக்கின் பணிகளுள் என்னை மிகவும் கவர்ந்தது மாவகைகளுக்கு அவர் செய்த பெயர் ஆய்வே. எஸ். ஆர். கங்கோலியுடன் இணைந்து தென்னிந்திய மாவகைகளின் வகைப்பாடும் பெயரீடும் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1950-இல் சென்னையில் அரசினர் அச்சகத்தின் வழியாக வெளிவந்தது.

பெயருக்கு ஒரு நூலா என்று நண்பர்கள் கேட்கலாம். நம் கடைத்தெருவையே எடுத்துக்கொள்வோம். நாம் பங்கனப்பள்ளி என்பதை ஆந்திரத்தார் பனேஷான் என்பர். வேறு சிலர் சபேதா என்பர். கிளிமூக்கு, பெங்களூரா, தோத்தாபுரி, கலெக்டர் ஆகிய நான்கும் ஒரே காய். இமாம் பசந்தும் ஹிமாயுதீனும் ஒன்றே. அல்போன்சாவைக் கன்னடத்தார் பாதாமி என்கின்றனர். சேலம், கிருட்டிணகிரிப் பக்கம் குண்டு என்கின்றனர். இதற்கு மாறாக, ஒரே பெயரை வெவ்வேறு மரங்களுக்கு வைத்திருப்பதும் உண்டு. இக்குழப்பம் நீங்காத வரை ஒரு நிலையத்தில் கண்ட முடிவை மற்றோர் ஊரில் பயன்படுத்த முடியாது. மனிதர்க்குப் பெயர் மாறினால் தபால் தவறிப்போகும். மரத்துக்குப் பெயர் மாறினால் முதல் தவறிப்போகும்.

இது ஏட்டுக் கூற்று அன்று. எங்கள் குடும்பத்தில் நிகழ்ந்தது. என் பெரியப்பா மாதர்பாக்கம் சாலையை ஒட்டிய தம் ஒன்றரை ஏக்கர் மேட்டு நிலத்தில் கடலையை விட்டுவிட்டு மாமரம் வைத்தார். ஒரு நாற்றங்காலில் இமாம் பசந்த் என்று சொல்லிக் கொடுத்த ஒட்டுக் கன்றுகள் அறுபது. முதல் இரண்டு கோடைகளிலும் பெரியம்மா குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றிக் காத்தார். ஐந்தாம் ஆண்டில் காய் பிடித்தபோது இமாம் பசந்தாக இருந்தவை இருபதுக்கும் குறைவு. சில பெங்களூரா, சில இன்னதென்றே சொல்ல முடியாத புளிப்பு மாங்காய். கன்று விற்றவரைக் கேட்டால், “மண் வாகு அப்படிங்க” என்றாராம். ரசீதில் ‘மாங்கன்று 60’ என்று மட்டுமே எழுதியிருந்தது. சிப்காட் தொழிற்பேட்டை விரிந்து வரும் வேளையில் சாலையோர நிலத்துக்கு நல்ல விலை சொன்னார்கள். பெரியப்பா அரை ஏக்கரைக் கிடங்கு கட்டுவதற்குக் கொடுத்துவிட்டார். “மரம் ஏமாத்தலடா, பேருதான் ஏமாத்திச்சு” என்று அவர் சொன்னது இன்றும் என் செவியில் ஒலிக்கிறது.

ஒட்டுக் கன்றின் இலையைப் பார்த்துப் பழத்தைச் சொல்ல முடியாது என்று நாம் நினைக்கிறோம். ஓரளவு முடியும் என்பதே இத்துறையின் முடிவு. இளந்தளிரின் நிறம், கசக்கிய இலையின் வாசனை, இலையின் நீளமும் அலையும், பூங்கொத்துக் காம்பின் நிறம் ஆகியவை வகைக்கு வகை வேறுபடும். காய்த்த பிறகு காயின் தோள், அதன் மூக்கு, மூக்கின் மேலுள்ள பள்ளம், தோலின் புள்ளி, கொட்டையின் நார் ஆகியவை கூடுதல் அடையாளங்கள். இவற்றை வரிசைப்படுத்தி ஒவ்வொரு வகைக்கும் எழுதி வைத்தால் அதுவே மரத்தின் பிறப்புச் சான்றிதழ். அந்தச் சான்றிதழைத் தென்னாட்டு மாமரத்துக்கு எழுதத் தொடங்கிய நூல் நாயக், கங்கோலி இருவரின் நூலாகும்.

இதற்கு ஓராண்டு முன்னர், 1949-இல், நாயக்கின் தென்னிந்தியப் பழங்களும் அவற்றின் சாகுபடியும் பற்றிய ஆங்கில நூல் சென்னையில் வெளியாயிற்று. தென்னாட்டுப் பழங்களைப் பற்றி ஆராய்வோர் பல்லாண்டுகளாக எடுத்துப் பார்க்கும் நூல் அது.

மாநிலம் பிரிந்தது, மரம் நின்றது

1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் உதயமாயிற்று. கோடூர் ஆந்திரத்துக்குச் சென்றது. 1960-இல் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி நம்மிடம் வந்தது. கோடூர் அங்கேயே நின்றது. தமிழகம் தன் பழ ஆராய்ச்சிக்கு வேறு இடங்களைத் தேட வேண்டியதாயிற்று. பெரியகுளம் அவ்வாறு வளர்ந்த இடங்களுள் ஒன்று. பி.கே.எம்.1 என்னும் செடிமுருங்கையால் அவ்வூரின் பெயர் இன்று உலகின் பல நாடுகளுக்குச் சென்றிருக்கிறது.

மரம் நூறாண்டு வாழ்வது. ஆராய்ச்சி அதிகாரியின் பதவிக் காலமோ சில ஆண்டுகள். அரசுத் துறையில் மாற்றல் உத்தரவு வந்தால் மரத்தைத் தூக்கிக்கொண்டு செல்ல முடியாது. அடுத்து வருபவருக்குப் பூவில் நாட்டம் இருக்கலாம், உரத்தில் நாட்டம் இருக்கலாம். பத்தாண்டுச் சோதனை பாதியில் நின்றுவிடும். ஆகவே நீண்ட கால ஆராய்ச்சிக்குத் தனி மனிதரின் ஆர்வம் மட்டும் போதாது. அவர் போன பின்னும் வேலையைத் தொடரும் நிறுவனம் வேண்டும். பூவை எண்ணிய ஒருவர் பல்கலைக் கழகம் கட்டப் போனதை நான் இவ்வாறுதான் விளங்கிக்கொள்கிறேன்.

மூன்று கால் முக்காலி

விடுதலைக்கு முன்னும் பின்னும் சில ஆண்டுகள் வரை நம் நாட்டில் வேளாண்மைக் கல்வி பிரிந்து கிடந்தது. கல்லூரி ஒரு பக்கம், பட்டம் வழங்கும் பல்கலைக் கழகம் மற்றொரு பக்கம், ஆராய்ச்சி நிலையமும் உழவர்க்கு எடுத்துச் சொல்லும் அலுவலரும் வேளாண்மைத் துறையின் கீழ். வகுப்பில் பாடம் சொல்பவர் வயலைக் காணார். வயலில் சோதிப்பவர் மாணவனைக் காணார். உழவனைச் சந்திப்பவர் இருவரையும் காணார்.

அமெரிக்காவில் 1862-இல் இயற்றப்பட்ட மாரில் சட்டத்தால் நிலக்கொடைக் கல்லூரிகள் தோன்றின. கல்வி, ஆராய்ச்சி, விரிவாக்கம் ஆகிய மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்பது நாளடைவில் அவற்றின் கொள்கையாயிற்று. முக்காலிக்கு ஒரு கால் ஒடிந்தாலும் உட்கார முடியாதன்றோ! அக்கொள்கையைத் தழுவி 1960-இல் பந்த்நகரில் இந்தியாவின் முதல் வேளாண்மைப் பல்கலைக் கழகம் தொடங்கப்பட்டது. பின் 1964-இல் மைசூர் மாநிலத்தில் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு வேளாண்மை அறிவியல் பல்கலைக் கழகம் எழுந்தது. அதன் முதல் துணைவேந்தராகப் பொறுப்பேற்றவர் டாக்டர் நாயக்.

ஹெப்பாளத்திலும் தார்வாரிலும் இருந்த வேளாண்மைக் கல்லூரிகளும், ஹெப்பாளத்துக் கால்நடை மருத்துவக் கல்லூரியும் புதிய பல்கலைக் கழகத்தின் கீழ் வந்தன. ஒரு கல்லூரி பழைய மைசூர்ப் பகுதியில் வளர்ந்தது. மற்றொன்று பம்பாய் மாகாண மரபில் வளர்ந்தது. அவற்றை ஒரே பாடத்திட்டத்துக்குள்ளும் ஒரே தேர்வு முறைக்குள்ளும் கொண்டுவருவது, மாவுக்கு ஒட்டுக் கட்டுவதைவிடக் கடினமான செயல் என்பதில் ஐயமில்லை. அமெரிக்காவின் டென்னசிப் பல்கலைக் கழகம் இம்முயற்சிக்குத் துணை நின்றது. 1969-இல் பெங்களூரின் வடபால் காந்தி கிருஷி விஞ்ஞான கேந்திரம் என்னும் புதிய வளாகம் தொடங்கப்பட்டது. அதன் பரப்பு சுமார் 1300 ஏக்கர். அதே ஆண்டில் மங்களூரில் மீன்வளக் கல்லூரியும் தொடங்கிற்று.

ஆண்டு முடிவில் ஒரே தேர்வு, அதை வெளியார் திருத்துவது என்ற பழைய முறைக்கு மாறாக, பருவந்தோறும் தேர்வு, பாடம் நடத்தியவரே மதிப்பிடுதல், வயல் வேலைக்கும் மதிப்பெண் என்ற முறையை நம் நாட்டில் முதலில் பரவலாகக் கைக்கொண்டவை வேளாண்மைப் பல்கலைக் கழகங்களே. இன்று நம் கலைக் கல்லூரியில் அகமதிப்பீடு என்று நாம் அஞ்சும் முறைக்கும் அவை முன்னோடி எனலாம்.

1972 வரை துணைவேந்தராகப் பணியாற்றிய நாயக், அந்த ஆண்டிலேயே ஏ. சங்கரத்துடன் சேர்ந்து வேளாண்மைப் பல்கலைக் கழகங்களின் வரலாற்றை நூலாக எழுதினார். மாமரத்தின் வகைகளைத் தொகுத்த அதே கை நிறுவனத்தின் வரலாற்றையும் தொகுத்தது. தமிழகத்தில் வேளாண்மைப் பல்கலைக் கழகம் 1971-இல் கோவையில் தோன்றியது. பெங்களூர்ப் பல்கலைக் கழகத்திலிருந்து தார்வார் 1986-இல் தனியே கிளைத்தது. பழத்துக்கும் காய்க்கும் பூவுக்கும் எனத் தனிப் பல்கலைக் கழகங்கள் ஆந்திரத்தில் 2007-இலும் கருநாடகத்தில் பாகல்கோட்டையில் 2008-இலும் நிறுவப்பட்டன.

நாம் பெறும் படிப்பினை

நாற்காலியில் அமர்ந்த பேராசிரியர் ஆராய்ச்சியை இழக்கிறார் என்று ஒரு குறை சொல்லப்படுவதுண்டு. அதில் நியாயம் இருக்கிறது. துணைவேந்தரின் மேசையில் கோப்புகள் பூக்கும், மாங்கொத்துப் பூக்காது. நாயக் கோடூரிலேயே இருந்திருந்தால் இன்னும் இரண்டு கலப்பினங்கள் நமக்குக் கிடைத்திருக்கலாம். ஆனால் அவர் போன்றோர் நிருவாகத்துக்குச் செல்லாமல், மரத்தை அறியாதவர் கையில் மரத்தின் ஆராய்ச்சி சிக்கியிருந்தால் உள்ள கலப்பினங்களும் பாதியில் வெட்டப்பட்டிருக்கக் கூடும். இவ்விரண்டில் எது பெரிய இழப்பு என்பதை ஆசிரியப் பெருமக்கள் தீர்ப்பளிக்கட்டும். நான் இரண்டாவதையே பெரிதென எண்ணுகிறேன்.

நம் பகுதி மாணவர்களுக்கு இதில் ஒரு வேலையும் இருக்கிறது. நம்மில் பலர் பட்டம் பெற்றதும் கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளின் வாயிலில் நிற்கப் போகிறோம். அதில் தாழ்வு இல்லை. அந்த ஊதியத்தால்தான் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. ஆனால் ஆலை எழும்பும் இடத்தில் நின்ற மரம் எது என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை. கவரப்பேட்டையிலிருந்து மாதர்பாக்கம் வரை வீட்டுக் கொல்லைகளில் நிற்கும் பழைய மரங்களுக்கு அவ்வவ் வீட்டார் வழங்கும் பெயர்கள் உண்டு. மரம் வெட்டப்படும் நாளில் பெயரும் வெட்டப்படுகிறது.

எனவே நம் தாவரவியல் துறையும் நாட்டு நலப்பணித் திட்டமும் இணைந்து இக்கோடையில் ஒரு கணக்கெடுப்பைத் தொடங்க வேண்டுமென வேண்டுகிறேன். ஒவ்வொரு மாணவரும் தம் ஊரில் ஐந்து மாமரங்களைத் தெரிந்துகொள்ளட்டும். வீட்டார் வழங்கும் பெயர், நட்டவர் யார், கொட்டையா ஒட்டா, தளிரின் நிறம், இலையின் வாசனை, பூக்கும் மாதம், காயின் மூக்கும் தோளும், கொட்டை ஒன்றிலிருந்து எத்தனை முளைகள், ஆண்டுதோறும் காய்க்குமா என்னும் ஒன்பது செய்திகளை எழுதித் துறையில் ஒப்படைக்கட்டும். இதற்குக் கருவி வேண்டா. ஒரு நோட்டுப் புத்தகமும் பெரியவர்களிடம் பணிவாகக் கேட்கும் நாவும் போதும். நல்ல தாய்மரம் எந்த ஊரில் எந்தக் கொல்லையில் நிற்கிறது என்பது அந்நோட்டில் இருந்தால், இனி மரம் வைக்கும் உழவர் பெயரை நம்பிப் பணம் கொடுக்காமல் மரத்தைக் கண்டு கன்று வாங்குவார்.

கோடூரில் நடந்த பெரும்பணியும் இத்தகைய குறிப்பேடுகளில்தான் தொடங்கியது. நாம் எழுதும் ஏடு சிறிதாயினும், அடுத்த ஆண்டு வரும் மாணவர் அதைத் தொடரும்படி எழுதி வைப்போமாக!